ரெக்ஸம் தோற்றது ஷெஃபீல்டில் அல்ல

ஷெஃபீல்ட் யுனைடெட் 3, ரெக்ஸம் 1. 2023 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை இரவு, எஃப்.ஏ. கோப்பை என்ற இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியில், முதல் ஆட்டம் சமனில் முடிந்ததால் நடந்த நான்காம் சுற்றின் மறு ஆட்டம். ஸ்கோரை மட்டும் பார்ப்பவருக்கு இதில் பேச ஒன்றுமில்லை. இரண்டாம் அடுக்கு அணி தன் சொந்த மைதானத்தில் ஐந்தாம் அடுக்கு அணியை இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த மூன்று கோல்களில் இரண்டு, 90 நிமிடம் தாண்டி, இஞ்சுரி டைமின் 4-வது, 6-வது நிமிடங்களில் விழுந்தவை. அதற்கு முன், 1-1 என்றிருந்தபோது ரெக்ஸமுக்கு ஒரு பெனால்டி கிடைத்து வீணாய்ப் போனது. அதனால் அன்றிரவு வேனிலும் ரயிலிலும் வேல்ஸுக்குத் திரும்பிய ரசிகர்களின் பேச்சு முழுக்க அந்தப் பெனால்டியைச் சுற்றியே இருந்திருக்கும். இன்றைக்கும் அந்த ஆட்டத்தை நினைவுகூர்கிறவர்கள் ரெக்ஸம் ஸ்ட்ரைக்கர் பால் மல்லினின் அந்த உதையைத்தான் முதலில் சொல்கிறார்கள். அது சரியான கணக்கல்ல. இந்தக் கோப்பைப் பயணம் முடிந்தது ஷெஃபீல்டில்; கை நழுவியது அதற்கு ஒன்பது நாள் முன்பு, ரெக்ஸமின் சொந்த மைதானத்தில், 95-வது நிமிடத்தில். ஏன் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இங்கிலாந்துக் கால்பந்து ஓர் ஏணி. மேலே பிரீமியர் லீக், 20 அணிகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24. ஆக மொத்தம் 92. இந்த 92-க்கு வெளியே நிற்பவர்களை ‘நான்-லீக்’ என்பார்கள். அதன் உச்சிப் படிதான் ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக். 2023 ஜனவரியில் ஷெஃபீல்ட் யுனைடெட் சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடம், அதாவது நாட்டின் 22-வது அணி. நேஷனல் லீக்கின் உச்சிக்காக நாட்ஸ் கவுன்ட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ரெக்ஸம் 93-வதோ 94-வதோ. இடையில் எழுபதுக்கும் மேற்பட்ட படிகள்.

ஆனால் ரெக்ஸம் இடையில் முளைத்த கிளப் அல்ல. அதன் மைதானமான ரேஸ்கோர்ஸில் வேல்ஸ் அணி 1877-லேயே சர்வதேச ஆட்டம் ஆடியிருக்கிறது. இன்னும் பயன்பாட்டில் உள்ள சர்வதேச மைதானங்களில் அதுவே பழையது. வேல்ஸ் மண்ணில் இருந்துகொண்டு இங்கிலாந்து லீக்கில் ஆடும் கிளப் என்பதால் ஒரு காலத்தில் அதற்கு இரண்டு கதவுகள் திறந்திருந்தன. வேல்ஷ் கோப்பையை 23 முறை வென்ற கிளப் அது. அந்தக் கோப்பையின் வழியாக ஐரோப்பாவுக்கும் போய் வந்தது. 1984-ல் போர்ச்சுகலின் போர்ட்டோவை வெளியேற்றியதை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1995-ல் இங்கிலாந்து லீக்கில் ஆடும் வேல்ஸ் கிளப்புகளுக்கு வேல்ஷ் கோப்பை மூடப்பட்டது. அதன்பின் பெரிய மேடை என்று மிஞ்சியது எஃப்.ஏ. கோப்பை ஒன்றுதான்.

அந்தக் கோப்பையிலும் ரெக்ஸமுக்குச் சரித்திரம் உண்டு. 1974, 1978, 1997 என மூன்று முறை காலிறுதி. 1992 ஜனவரி 4 அன்று, முந்தைய பருவத்தில் 92 அணிகளில் கடைசியாக வந்திருந்த ரெக்ஸம், அதே பருவத்தில் சாம்பியனான ஆர்சனலை 2-1 என்று வீழ்த்தியது. 82-வது நிமிடத்தில் மிக்கி தாமஸ் அடித்த ஃப்ரீ கிக்கும், இரண்டு நிமிடத்தில் ஸ்டீவ் வாட்கின் சேர்த்த கோலும் அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். 1997 காலிறுதியில் செஸ்டர்ஃபீல்டிடம் 0-1 என்று தோற்றதும் தெரியும். இரண்டும் மூன்றாம் அடுக்கு அணிகள், வென்றிருந்தால் அரையிறுதி. கீழ்மட்ட கிளப்பின் ரசிகர் வெற்றியையும் தோல்வியையும் ஒரே பெட்டியில்தான் பூட்டி வைத்திருப்பார்.

2008-ல் ரெக்ஸம் 92-ஐ விட்டுக் கீழே விழுந்தது. விழுந்த கிளப்புகள் ஓரிரு ஆண்டில் ஏறிவிடும் என்ற நினைப்பு பலருக்கு உண்டு. நேஷனல் லீக்கில் அது எளிதல்ல. 24 அணிகள், 46 ஆட்டங்கள், மேலே போக இரண்டே இடங்கள்: முதலிடத்துக்கு நேரடியாக ஒன்று, அடுத்த இடங்களில் வந்தவர்கள் மோதும் பிளே-ஆஃபை வென்றவருக்கு ஒன்று. ரெக்ஸம் அங்கே 15 பருவங்கள் கிடந்தது. 2011-ல் ரசிகர்களின் அறக்கட்டளை கிளப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக் காப்பாற்றியது. 2021 பிப்ரவரியில் நடிகர்கள் ரயன் ரெனால்ட்ஸும் ராப் மெக்கெல்ஹென்னியும் அதை வாங்கிய பிறகும் முதல் முழுப் பருவம் கண்ணீரில்தான் முடிந்தது. 2022 மே மாதத்தில் பிளே-ஆஃப் அரையிறுதியில் கிரிம்ஸ்பியிடம் 4-5. அதற்குச் சில நாள் முன்பு வெம்ப்ளியில், நான்-லீக் அணிகளுக்கான தனிக் கோப்பையான எஃப்.ஏ. டிராஃபி இறுதி, பிராம்லியிடம் 0-1. இந்த இரண்டு காயங்களோடுதான் 2022-23 கோப்பைப் பயணம் தொடங்கியது.

நேஷனல் லீக் அணிகள் கோப்பைக்குள் வருவது நான்காம் தகுதிச் சுற்றில், அக்டோபரில். ரெக்ஸமுக்கு அங்கேயே தடுமாற்றம். பிளைத் ஸ்பார்ட்டன்ஸைத் தாண்ட ஒரு மறு ஆட்டம் தேவைப்பட்டது. முதல் சுற்றில் ஓல்டமை 3-0, இரண்டாம் சுற்றில் ஃபார்ன்பரோவை 4-1. மூன்றாம் சுற்றில்தான் பிரீமியர் லீக், சாம்பியன்ஷிப் கிளப்புகள் 44-ம் உள்ளே வருகின்றன. ஜனவரி 7 அன்று சாம்பியன்ஷிப் அணியான கவன்ட்ரியை அதன் மைதானத்திலேயே 4-3 என்று ரெக்ஸம் வென்றது. ஒரு கட்டத்தில் 4-1 என்று முன்னணி. கவன்ட்ரி பத்துப் பேராகக் குறைந்திருந்தது. அப்படியிருந்தும் 4-3 வரை இழுத்துக்கொண்டு போனார்கள். வென்ற மகிழ்ச்சியில் அந்தக் கடைசி நிமிடங்களை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான்காம் சுற்று ஜனவரி 29, ஞாயிறு, ரேஸ்கோர்ஸில். அப்போது மைதானத்தின் ஒரு முனை, பழைய ‘கோப்’ பக்கம், 2008 முதல் ரசிகர்கள் நிற்காமல் மூடிக் கிடந்தது. மீதி மூன்று பக்கமும் நிறைந்து வழிந்தது. இரண்டாவது நிமிடத்திலேயே ஆலி மெக்பர்னி ஷெஃபீல்டுக்கு ஒரு கோல் போட்டார். இடைவேளைக்குப் பிறகு ஜேம்ஸ் ஜோன்ஸ் சமன் செய்தார், டாம் ஓ’கானர் ரெக்ஸமை முன்னுக்குக் கொண்டுவந்தார், சில நிமிடங்களிலேயே ஆலிவர் நார்வுட் மறுபடி சமன் செய்தார். பிறகு ஷெஃபீல்டின் டேனியல் ஜெபிசனுக்குச் சிவப்பு அட்டை. ஏறத்தாழ கடைசி 20 நிமிடம் எதிரணியில் பத்துப் பேர்தான். 86-வது நிமிடத்தில் மல்லின் அடித்தார். 3-2.

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். நான்கு நிமிடமும் இஞ்சுரி டைமும் மிச்சம். எதிரே பத்துப் பேர். சொந்த மைதானம். ஐந்தாம் சுற்று கைக்கெட்டும் தூரம். இந்த நிலையில் கீழ்மட்ட அணி செய்யும் தவறு கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: தன் கோலை நோக்கிப் பின்வாங்குவது.

யாரும் திட்டமிட்டுப் பின்வாங்குவதில்லை, அதுதான் சிக்கல். கோல் போட்ட உடனே ஒவ்வொரு வீரரும் தன் அளவில் இரண்டு மூன்று கஜம் பின்னால் நிற்கிறார். ஓரத்தில் மேலும் கீழும் ஓட வேண்டிய விங்-பேக் ஏறிப் போகத் தயங்குகிறார். மேனேஜர் பில் பார்க்கின்சனின் ரெக்ஸம் பின்னால் மூன்று சென்டர்-பேக் (நடுத் தற்காப்பு வீரர்கள்), இரண்டு ஓரத்திலும் விங்-பேக், முன்னால் இரண்டு ஸ்ட்ரைக்கர் என்று ஆடும் அணி. விங்-பேக்குகள் இறங்கிவிட்டால் பின்னால் ஐந்து பேர் வரிசை. நடுக்கள வீரர்களும் அவர்களோடு ஒட்டிக்கொண்டால் எட்டுப் பேர் பெனால்டி பெட்டியைச் சுற்றி. இப்போது பந்தை வெளியே அடித்தால் அதைப் பிடித்து வைக்க முன்னால் ஆள் இல்லை. அடித்த பந்து அடுத்த ஐந்தாவது நொடியில் திரும்பி வருகிறது. பத்துப் பேர் ஆடும் அணிக்கு ஆள் குறைவு தெரிவதே பெரிய திடலில் ஓட வேண்டியிருக்கும்போதுதான். எல்லாரும் ஒரு பெட்டிக்குள் நெருக்கியடித்து நிற்கையில் பத்துக்கும் பதினொன்றுக்கும் வித்தியாசமே இல்லை. அதாவது பின்வாங்கும் அணி, தனக்கு இருந்த ஒரே சாதகத்தைத் தானே எதிராளி கையில் கொடுத்துவிடுகிறது.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. பந்து கிடைத்ததும் எதிரணியின் கார்னர் கொடிப் பக்கம் தள்ளி, அங்கே உடலைக் குறுக்கே கொடுத்துப் பந்தை மறைத்து, த்ரோ-இன்னோ ஃப்ரீ கிக்கோ வாங்க வேண்டும். ஒவ்வொரு த்ரோ-இன்னும் இருபது முப்பது நொடியை விழுங்கும். தற்காப்பு வரிசை பெட்டி விளிம்பை விட்டு வெளியே நிற்க வேண்டும். பந்து வெளியேறும் ஒவ்வொரு முறையும் ஒருவர் கத்தி அந்த வரிசையை மேலே ஏற்ற வேண்டும். தேவையில்லாத கார்னர் கொடுக்கவே கூடாது. ஏனென்றால் இந்த நேரத்தில் எதிரணியின் உயரமான சென்டர்-பேக்குகள் எல்லாரும் மேலே வந்துவிடுவார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு இழக்க ஒன்றுமில்லை.

95-வது நிமிடத்தில் ஷெஃபீல்டுக்காகக் கோல் போட்டவர் ஜான் ஈகன். சென்டர்-பேக். 3-3. சமன் என்பதால் மறு ஆட்டம், அதுவும் ஷெஃபீல்டின் மைதானத்தில்.

இதே பாடத்தை ரெக்ஸம் சென்டர்-பேக் பென் டோசர் முன்பே ஒருமுறை படித்திருந்தார். 2021 ஜனவரி 23, அவர் அப்போது லீக் டூ அணியான செல்ட்டனமில். மான்செஸ்டர் சிட்டி வந்திருந்தது. 59-வது நிமிடத்தில் டோசரின் நீண்ட த்ரோவிலிருந்து ஆல்ஃபி மே கோல் போட, 81-வது நிமிடம் வரை செல்ட்டனம் 1-0 என்று முன்னணியில் இருந்தது. பிறகு ஃபோடன், ஜெசுஸ், ஃபெரான் டோரஸ் என்று மூன்று கோல், முடிவு 1-3. கொரோனா காலம், மைதானத்தில் ஒரு ரசிகர் கூட இல்லை. சிட்டிக்கு எதிராக 80 நிமிடம் ஓடி ஓடிக் கால் செத்துப் போனது என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. பத்துப் பேர் கொண்ட ஷெஃபீல்டுக்கு எதிராக அந்தச் சமாதானத்தைச் சொல்ல முடியாது.

டோசரின் த்ரோவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கீழ்மட்ட அணி மேல்மட்ட அணியை எதனால் தொந்தரவு செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. த்ரோ-இன்னில் ஆஃப்சைடு கிடையாது. ஆகவே கோல் கீப்பருக்கு மூக்குக்கு முன்னாலேயே ஆளை நிறுத்தலாம். எறிபவர் துண்டில் பந்தின் ஈரத்தைத் துடைக்கிறார்; ஈரப் பந்து கையில் வழுக்கினால் தூரமும் போய்விடும், குறியும் போய்விடும். ஐந்தாறு எட்டு ஓடிவந்து, இரண்டு காலும் தரையில் இருக்க, தலைக்குப் பின்னாலிருந்து எறிகிறார். காலால் அடிக்கும் கார்னரைவிட இது மெதுவாக வரும். மெதுவாக வருவதால் கீப்பர் வெளியே வரலாமா வேண்டாமா என்று தயங்குவார். முதல் குறி, முன் கம்பத்தருகே நிற்கும் உயரமானவரின் தலை. அவர் செய்ய வேண்டியது பந்தைப் பின்னால் லேசாகத் தட்டிவிடுவது மட்டும்தான். உண்மையான வேலை அதற்கடுத்த பந்தில்: தட்டிய பந்து எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது, அங்கே முதலில் கால் வைப்பவர் ஜெயித்தார். திறமையில் எழுபது படி கீழே இருக்கும் அணி, இந்த அரை நொடிக் குழப்பத்தில் சமமாகிவிடுகிறது.

இதற்கு விலையும் உண்டு. த்ரோ எறியும் நேரத்தில் சென்டர்-பேக் ஒருவர் ஓரக்கோட்டில் நிற்கிறார், மற்றவர்கள் எதிரணிப் பெட்டிக்குள். கீப்பர் பந்தைப் பிடித்து உடனே எறிந்துவிட்டால் பின்னால் இரண்டு மூன்று பேர் மட்டுமே. வெளியூர் மைதானத்தில் ஓரக்கோட்டுக்கும் விளம்பரப் பலகைக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் ஓடிவர இடமும் இருக்காது. வீட்டில் பாதி கோலுக்குச் சமமான ஆயுதம், வெளியூரில் வெறும் த்ரோ-இன் ஆகிவிடும். ஈகனின் கோல் ரெக்ஸமிடமிருந்து பறித்தது வெற்றியை மட்டுமல்ல. அடுத்த ஆட்டத்தின் இடத்தையும்தான்.

அதற்குள் ஐந்தாம் சுற்றுக்கான குலுக்கல் வேறு நடந்துவிட்டது. ரெக்ஸம் அல்லது ஷெஃபீல்ட் யுனைடெட், எதிரே டோட்டனம் ஹாட்ஸ்பர், வென்றவரின் மைதானத்தில். ஹாரி கேனும் சன் ஹியுங்-மின்னும் அப்போது ஆடிய டோட்டனம் ரேஸ்கோர்ஸுக்கு வரும் வாய்ப்பு. மறு ஆட்டத்துக்குப் போன ஒவ்வொரு ரெக்ஸம் ரசிகரின் மனதிலும் இந்தச் சீட்டு இருந்தது.

ஷெஃபீல்ட் யுனைடெடின் மைதானமான பிரமால் லேனில் இடைவேளை வரை 0-0. இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில் அனெல் அஹ்மெத்ஹோஜிச் ஷெஃபீல்டுக்குக் கோல் போட்டார். ஒரு மணி நேர ஆட்டத்தை ஒட்டி ரெக்ஸமுக்குப் பெனால்டி, மல்லின் உள்ளே தள்ளினார். 1-1. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இன்னொரு பெனால்டி. மறுபடி மல்லின். இம்முறை கோல் கீப்பர் ஆடம் டேவிஸ் தடுத்துவிட்டார். இந்த டேவிஸ், சில வாரம் முன்பு கத்தார் உலகக் கோப்பைக்குப் போன வேல்ஸ் அணியில் இருந்தவர். வேல்ஸ் கிளப்பின் கனவை வேல்ஸ் கீப்பரே தடுத்தார் என்பது அன்றைக்குக் கூடுதலாகச் சுட்ட விஷயம்.

பெனால்டி என்றால் 11 மீட்டர் தூரம், 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். நன்றாக அடித்த பந்து அரை நொடிக்குள் கோட்டைத் தொடும். கீப்பர் பார்த்துப் பாய நேரமில்லை. ஊகித்துத்தான் பாய வேண்டும். தொழில்முறை ஆட்டங்களில் பொதுவாக நான்கில் மூன்று பெனால்டி உள்ளே போகும். அந்தக் கணக்கில், ஒரே ஆட்டத்தில் இரண்டும் உள்ளே போக வாய்ப்பு 56 சதவீதம்தான். இரண்டாவது முறை அடிப்பவருக்கு இன்னொரு பாரமும் சேர்கிறது. கீப்பர் இப்போதுதான் அவரது ஓட்டத்தையும் இடுப்பு திரும்பும் விதத்தையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். ‘முன்பு அடித்த பக்கமே அடிப்பானா, மாற்றுவானா’ என்ற கேள்வி இருவர் மனதிலும் ஓடும். அதனால்தான் சில அணிகள் இரண்டாவது பெனால்டிக்கு வேறொருவரை முன்கூட்டியே குறித்து வைக்கும். ரெக்ஸம் அப்படிச் செய்திருக்க வேண்டுமா? 2020-21-ல் கேம்பிரிட்ஜுக்காக லீக் டூவில் 32 கோல் அடித்துவிட்டு, ஓர் அடுக்கு இறங்கி ரெக்ஸமுக்கு வந்தவர் மல்லின். 2022-23 நேஷனல் லீக்கில் மட்டும் 38 கோல். பந்தை அவரிடமிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுக்கச் சொல்ல எந்த மேனேஜருக்கும் மனம் வராது. வரவும் வேண்டியதில்லை. அன்றைய ஒரு கோலும், முதல் ஆட்டத்தில் 3-2 ஆக்கிய கோலும் அவருடையவைதான். அவரைக் குற்றவாளியாக்குவது அநியாயம்.

பெனால்டி போன பிறகு இன்னும் 20 நிமிடம் இருந்தது. மறு ஆட்டத்துக்கு இன்னொரு மறு ஆட்டம் கிடையாது. சமன் என்றால் 30 நிமிட எக்ஸ்ட்ரா டைம், பிறகு பெனால்டி ஷூட்-அவுட். பலர் கேட்பது: 1-1 என்று 90 நிமிடம் தாண்டிய பிறகு ரெக்ஸம் ஏன் பூட்டிக்கொண்டு நிற்கவில்லை? எக்ஸ்ட்ரா டைம் யாருக்குச் சாதகம் என்று பார்த்தால் விடை கிடைக்கும். ஷெஃபீல்டின் அணியில் நார்வே நாட்டுக்காக ஆடும் சாண்டர் பெர்கே, அயர்லாந்தின் ஈகன் என்று சர்வதேச வீரர்கள். பெஞ்சிலிருந்து வருகிறவரும் இரண்டாம் அடுக்கில் முதல் வரிசை ஆள். ரெக்ஸமின் பெஞ்சு ஐந்தாம் அடுக்குக்குப் பெரிது, அவ்வளவே. 120 நிமிட ஓட்டம் எப்போதும் ஆழமான அணிக்கே உதவும். ஆகவே 90-க்குள் முடித்துவிடப் பார்த்த ரெக்ஸமின் துணிச்சல் மூடத்தனம் அல்ல. அந்தத் துணிச்சலில் ஓர் இடைவெளி விழுந்தது. இரண்டு நாள் முன்புதான் 37 வயது நிறைந்த, ஷெஃபீல்டிலேயே பிறந்த கேப்டன் பில்லி ஷார்ப் அதில் புகுந்துவிட்டார். 2-1. பிறகு எல்லாரும் முன்னேற, வெறிச்சோடிய பின்களத்தில் பெர்கே மூன்றாவதைப் போட்டார். அந்த மூன்றாவது கோலுக்கு அர்த்தம் எதுவும் இல்லை.

அந்த ஆட்டம் பிரமால் லேனில் இல்லாமல் ரேஸ்கோர்ஸில் நடந்திருந்தால் கடைசி 20 நிமிடத்தில் யார் யாரைத் தள்ளியிருப்பார்கள்? அதைவிட நேரடியாகக் கேட்டால், ஜனவரி 29 அன்று பந்தை இரண்டே முறை கார்னர் கொடிக்குக் கொண்டு போயிருந்தால் இந்த ஆட்டமே நடந்திருக்காது.

பணத்துக்கு வருவோம். கோப்பைச் சுற்றுகளில் வசூலாகும் நுழைவுக் கட்டணத்தில் செலவுகளைக் கழித்துவிட்டு, இரு அணிகளுக்கும் தலா 45 சதவீதம், மீதி 10 சதவீதம் பொது நிதிக்கு. லீக் ஆட்டத்தில் வசூல் முழுவதும் சொந்த அணிக்கு. கோப்பையில் பாதிக்குப் பாதி. சின்ன கிளப் பெரிய கிளப்பின் மைதானத்துக்குப் போவதைக் கொண்டாடுவது இதனால்தான். ஒரு கணக்குக்கு: 10,000 பேர், தலைக்கு 20 பவுண்டு, வசூல் 2 லட்சம். செலவு 40,000 போனால் மிச்சம் 1,60,000, ஆளுக்கு 72,000. இதையே 30,000 பேர் அமரும் மைதானத்தில் போட்டுப் பாருங்கள். வெளியூர் ரசிகர்களுக்கு இருக்கைகளில் 15 சதவீதம் வரை ஒதுக்க வேண்டும் என்பதும் கோப்பை விதி. 32,000 பேர் கொள்ளும் பிரமால் லேனில் அது ஏறத்தாழ 4,800. இதற்கு மேல் பரிசுத் தொகை. அந்தப் பருவத்தில் மூன்றாம் சுற்று வென்றதற்கு 1,05,000 பவுண்டு, நான்காம் சுற்றுக்கு 1,20,000. தொலைக்காட்சி நேரலைக்குத் தனிக் கட்டணம்.

ரெக்ஸமுக்கு அப்போது பணத்தட்டுப்பாடு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேறு கிளப்புகளுக்கு இதே கணக்கு உயிர்மூச்சு. 2005 ஜனவரியில், ரசிகர்கள் நடத்திய நான்-லீக் கிளப்பான எக்ஸிட்டர் ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெடை 0-0 என்று நிறுத்தியது. மறு ஆட்டத்தில் 0-2 என்று தோற்றது. ஆனால் இரண்டு ஆட்டங்களின் பங்குத் தொகை கடன் சுமையிலிருந்து கிளப்பைத் தூக்கி நிறுத்தியது. எக்ஸிட்டர் ரசிகருக்கு அந்த 0-2 தோல்வி வலிக்கும் நினைவே அல்ல.

ரெக்ஸம் ரசிகர் இழந்தது பணத்தை அல்ல, ஓர் இரவை. 2023 மார்ச் 1 அன்று அந்த ஆட்டம் பிரமால் லேனில் நடந்தது. 79-வது நிமிடத்தில் இலிமான் இன்டியாயே அடித்த கோலில் ஷெஃபீல்ட் யுனைடெட் டோட்டனமை 1-0 என்று வீழ்த்தியது. பிறகு பிளாக்பர்னையும் வென்று அரையிறுதி வரை போய், மான்செஸ்டர் சிட்டியிடம் 0-3 என்று முடிந்தது. டோட்டனம் அந்த இரவில் வீழ்த்தக்கூடிய அணியாகத்தான் இருந்தது என்பது ஆறுதலா, எரிச்சலா? எரிச்சல்தான்.

‘கோப்பையில் தோற்றதே நல்லது, அதனால்தான் லீக் கிடைத்தது’ என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பருவத்தில் ரெக்ஸம் 111 புள்ளிகள் எடுத்து முதலிடம் பிடித்தது; நாட்ஸ் கவுன்ட்டி 107 எடுத்தும் இரண்டாம் இடம்தான். ஏப்ரலில் இரண்டு அணிகளும் ரேஸ்கோர்ஸில் மோதியபோது ரெக்ஸம் கோல் கீப்பர் பென் ஃபாஸ்டர் இஞ்சுரி டைமில் ஒரு பெனால்டியைத் தடுத்துத்தான் 3-2 வெற்றி நின்றது. அவ்வளவு நெருக்கமான ஓட்டத்தில் இன்னொரு பெரிய ஆட்டம் காலை இழுத்திருக்கலாம். இழுக்காமலும் போயிருக்கலாம். ஒரு காயத்துக்கு இன்னொரு வெற்றியை மருந்தாகத் தடவும் இந்த வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. 15 ஆண்டு காத்திருந்தவர்களுக்கு இரண்டும் வேண்டும் என்று ஆசைப்பட உரிமை உண்டு.

2024 ஏப்ரலில் ஓர் அறிவிப்பு வந்தது: 2024-25 முதல், முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டம் கிடையாது. கீழ்மட்ட கிளப்புகள் கொதித்தன. எக்ஸிட்டருக்கு 2005-ல் கிடைத்த இரண்டாவது வசூல் இனி யாருக்கும் கிடைக்காது. அதே நேரம், 95-வது நிமிடத்தில் ஈகன் சமன் செய்திருந்தாலும், இன்றைய விதியில் எக்ஸ்ட்ரா டைம் ரேஸ்கோர்ஸிலேயே நடந்திருக்கும். பத்துப் பேர் 30 நிமிடம் கூடுதலாக ஓட வேண்டியிருந்திருக்கும். ரெக்ஸம் ரசிகர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் புதிய விதியின் முதல் பருவத்தில், இதற்குள் லீக் ஒன்னுக்கு ஏறிவிட்ட ரெக்ஸம், 2024 நவம்பர் 3 அன்று முதல் சுற்றில் ஓர் அடுக்கு கீழே இருந்த ஹாரகேட் டவுனின் மைதானத்துக்குப் போனது. ஒரே ஆட்டம். 0-1.